அங்கன்வாடி முதல் கல்லூரி வரை: தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்விப் பணம் எங்கே இருக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் ஒரு பெரிய தொகை ஓடும். மறுநாள் பள்ளி வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் வேறு: அந்தப் பணம் எங்கே இருக்கிறது, எங்கள் பள்ளிக்கு எப்போது வரும், கல்லூரியில் ஏன் ஆசிரியர் இல்லை? அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் உள்ள தொகைகள் எல்லாம், 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டில் உள்ளவை.

கல்விக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்கினார்கள்?

பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி. இரண்டையும் கூட்டினால் 55,261 கோடி. அந்த ஆண்டு மாநிலத்தின் மொத்த வருவாய்ச் செலவு (சம்பளம், மானியம், வட்டி போன்ற நடப்புச் செலவு) 3,73,204 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது 100 ரூபாய் செலவில் ஏறக்குறைய 15 ரூபாய் இந்த இரண்டு துறைகளுக்கும் போகிறது. துறை ஒதுக்கீட்டுக்குள் கட்டடம் போன்ற மூலதனச் செலவும் கொஞ்சம் இருப்பதால் இது தோராயக் கணக்குதான்.

ஒரு பிள்ளையின் படிப்புக்கு அரசு செய்யும் செலவு முழுவதும் இந்த 55,261 கோடிக்குள் இல்லை. அடுத்த பதிலைப் படித்தால் புரியும்.

அப்படியானால் மீதி எங்கே இருக்கிறது?

பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கை உண்டு; அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் கோரிக்கை அது. பள்ளிக் கல்விக்கு எண் 43, உயர்கல்விக்கு எண் 20. செய்தித்தாளில் வருவது இந்த இரண்டும்தான்.

அங்கன்வாடியைத் தேடினால் எண் 45-க்கு, சமூக நலம் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்குப் போக வேண்டும். மதியச் சத்துணவும் அங்கேதான். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அங்கேதான். அரசு மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையில் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகம் வேளாண் துறையில், சட்டக் கல்லூரிகள் சட்டத் துறையில். பஸ் பாஸுக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தரும் ஈட்டுத்தொகை போக்குவரத்துத் துறைக் கணக்கில் வரும். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் சைக்கிள், மாணவர் விடுதிகள், கல்வி உதவித்தொகை ஆகியவை ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகளில். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் புதிதாக வகுப்பறை கட்டினால் அந்த வேலை ஊரக வளர்ச்சித் துறை வழியாக நடக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்குத் தனியாக ஒரு கோரிக்கை இருக்கிறது.

பள்ளிகளிலேயே கூட எல்லாம் ஒரே குடையின் கீழ் இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் என்று தனித்தனி. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குள் கொண்டுவரப் போவதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எதிர்ப்பும் வந்தது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. பொது நூலகத் துறை பள்ளிக் கல்வித் துறைக்குள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகமும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் அந்த 46,767 கோடியோடு சேர்ந்தவை.

பட்ஜெட்டில் அறிவித்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. பட்ஜெட் உரை என்பது முதல் படி. அதன் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார். கோரிக்கைகளுக்குப் பேரவை ஒப்புதல் தந்து, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறினால்தான் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க முடியும். அப்புறம் ஒவ்வொரு புதுத் திட்டத்துக்கும் தனி அரசாணை வேண்டும். உரையில் கைதட்டு வாங்கிய அறிவிப்பு, அரசாணை வராமல் மாதக்கணக்கில் நிற்பது உண்டு. ஆகவே உங்கள் ஊர்ச் சங்கமோ பெற்றோரோ ஒரு திட்டத்தைப் பற்றி விசாரிக்கப் போனால், “அரசாணை எண் என்ன, தேதி என்ன” என்று கேளுங்கள். பேச்சு உடனே தெளிவாகிவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் தொகை கூடிக்கொண்டே போகிறது. நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக் கல்விக்கு 2020-21 பட்ஜெட்டில் 34,181 கோடி. கொரோனா காலத்தில், 2021-22 திருத்திய பட்ஜெட்டில் அது 32,599 கோடியாக இறங்கியது. பிறகு 36,895 கோடி, 40,299 கோடி, 44,042 கோடி என்று ஏறி 46,767 கோடிக்கு வந்தது. இறங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் நான்கு ஆண்டில் 43 சதவீத உயர்வு. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஐந்து ஆண்டில் 37 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஆறரை சதவீதம் போல. விலைவாசியையும் அகவிலைப்படி உயர்வையும் கழித்துப் பார்த்தால் புதிதாகச் செய்ய மிஞ்சுவது கொஞ்சம்தான்.

முக்கால்வாசி சம்பளத்துக்கே போய்விடுகிறது என்கிறார்களே?

பள்ளிக் கல்வித் துறையில் மிகப் பெரிய செலவு சம்பளம் என்பது உண்மை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடம் என்பதே ஆசிரியர்தான். சுமார் 37,000 அரசுப் பள்ளிகளும் 8,000-க்கு மேற்பட்ட உதவி பெறும் பள்ளிகளும் உள்ள மாநிலத்தில் சம்பளச் செலவு பெரிதாகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சம்பளம் யாருக்கு, எந்த அடிப்படையில் போகிறது? நிரந்தரப் பணியில் சேரும் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கும் பின் சேர்ந்தவருக்கும் ஊதியத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வகுப்பறை, அதே பாடம், அதே வேலை. “சம வேலைக்குச் சம ஊதியம்” என்று அவர்கள் பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலகங்கள் உள்ள சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் ஆண்டுதோறும் வந்து உட்காருவது இதற்காகத்தான். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித்தரும் பகுதி நேர ஆசிரியர்கள் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள். 2025-இல் அது 12,500.

என் கருத்தில் நம் கல்விச் செலவின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. நடுவில், அதாவது 1-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை, பெரும்பாலும் நிரந்தரப் பணியிடங்கள். ஆரம்பத்தில் இருக்கும் மழலையர் வகுப்பிலும் முடிவில் இருக்கும் கல்லூரியிலும் தொகுப்பூதியக்காரர்களை, அதாவது நிரந்தரப் பணி இல்லாமல் மாதம் ஒரே தொகைக்கு வேலை செய்பவர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி.க்கும் அரசு என்ன செலவு செய்கிறது?

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் நடப்பவை. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இது 2018 அக்டோபரில் நிர்ணயித்தது. அதிலும் 60 சதவீதம் மட்டுமே ஒன்றிய அரசின் பங்கு. தமிழ்நாடு தன் பணத்தைப் போட்டு 7,700 ரூபாயில் தொடங்கும் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது மேல். ஆனால் அந்த ஒரு பணியாளர் செய்யும் வேலையைப் பாருங்கள். 2 வயது முதல் 5 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு. கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு. எடை பார்த்துப் பதிவு. தடுப்பூசி நாளில் செவிலியருக்குத் துணை. எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். வாரம் 3 முட்டைக்கான கணக்கும் அவர் பொறுப்பு. இதற்கிடையில் “முன்பருவக் கல்வி” தர வேண்டும் என்கிறோம்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. கதை தனி. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை மாற்றி அனுப்பினார்கள். 2022-இல் அந்த ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் வகுப்புகளே மூடப்படும் நிலை வந்தது. பெற்றோர் கொதித்தார்கள். வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. ஆனால் தற்காலிக ஆசிரியர்களை 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் எடுத்தது.

மாதம் 5,000 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பத்து நாளில் சம்பாதிக்கும் தொகை. மூளை வளர்ச்சி மிக வேகமாக நடக்கும் வயதுப் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் ஆசிரியருக்கு நாம் போட்ட விலை இது. தனியார் நர்சரியைத் தேடிப் பெற்றோர் போவதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 3 வயதில் தனியாருக்குப் போன பிள்ளை 5 வயதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருவது அபூர்வம். 1-ஆம் வகுப்புச் சேர்க்கை குறைகிறது என்று ஜூனில் வருத்தப்படுகிறோம். காரணம் இரண்டு ஆண்டுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

காலை உணவும் சத்துணவும் கல்விச் செலவா, நலத்திட்டமா?

கணக்குப் புத்தகத்தில் சமூக நலம். வகுப்பறையில் அது கல்வி. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இவ்வளவு செலவு தேவையா என்று கேட்டவர்கள் நிறைய. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. இப்போது 10-ஆம் வகுப்புவரை சாப்பாடு போடுகிறோம். ஒன்றிய அரசின் பங்கு 8-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது; 9, 10-க்கு முழுச் செலவும் மாநிலத்துடையது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2025-26-க்கு 600 கோடி ஒதுக்கினார்கள். விடியற்காலையில் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ கிளம்பும் அம்மாவின் பிள்ளை, ரவை உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு முதல் பாடவேளையில் கண் திறந்து உட்காருகிறது. இந்த 600 கோடியைவிட நன்றாகச் செலவாகும் பணம் பட்ஜெட்டில் குறைவு என்று நான் நம்புகிறேன்.

ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு? அந்த 2,152 கோடி பிரச்சினை என்ன?

1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. ஆனாலும் செலவின் பெரும்பகுதி இன்றும் மாநிலத்தின் தலையில்தான். ஒன்றிய அரசின் பணம் முக்கியமாக சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வழியாக வருகிறது. ஒன்றியத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என்ற விகிதம்.

2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான மொத்தத் தொகை 3,586 கோடி. அதில் ஒன்றியப் பங்கு 2,152 கோடி. அந்தப் பணம் வரவில்லை. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட வேண்டும் என்றது ஒன்றிய அரசு. அதில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்றதாகிவிடும், மும்மொழித் திட்டமும் கூடவே வரும் என்று மறுத்தது மாநில அரசு. 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் கிடைக்காமல் சமக்ர சிக்ஷா ஊழியர்கள் தவித்தார்கள். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர்களும் அவர்களில் அடக்கம். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிலுவையோடு வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டது.

ஒரு கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக, வேறு ஒரு திட்டத்தில் ஒப்புதலான பணத்தை நிறுத்துவது நியாயம் இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அதே நேரத்தில், ஒன்றியப் பணம் நின்றாலும் சிறப்பாசிரியருக்கு மாதக் கடைசியில் சம்பளம் போய்ச் சேர வேண்டும் என்று மாநிலக் கருவூலம் முதல் நாளிலேயே பொறுப்பேற்றிருக்க வேண்டும். 

வருமான வரியோடு கல்வி செஸ் கட்டுகிறோமே, அது மாநிலத்துக்கு வருமா?

நேரடியாக வராது. வருமான வரியின் மேல் 4 சதவீதம் சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் பிடிக்கிறார்கள். மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித் தொகுப்பில் செஸ் சேராது. 15-ஆவது நிதிக்குழுவின்படி (2021-26) அந்தத் தொகுப்பில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. செஸ் பணம் ஒன்றியத் திட்டங்கள் வழியாகத்தான் திரும்ப வரும், அதற்குரிய நிபந்தனைகளோடு.

ஒரு சின்னப் பள்ளியின் தலைமையாசிரியர் கையில் செலவுக்கு என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். சம்பளம், புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் மேலிருந்து வருகிறது. பள்ளி தானாக முடிவெடுத்துச் செலவழிக்கும் பணம் என்றால் அது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். சமக்ர சிக்ஷா விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம்.

28 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10,000 என்றால் மாதம் 833 ரூபாய். இதில் 10-இல் 1 பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடுகள், விளக்குமாறு, பினாயில். நின்றுபோன ஃபேனுக்குக் கண்டென்சர். உடைந்த குழாய்க்கு பிளம்பர் கூலி. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும். பிரிண்டர் மை தீர்ந்தால் அந்த மாதம் வேறெதுவும் வாங்க முடியாது. பெரும்பாலும் தலைமையாசிரியர் கைக்காசு போடுவார். ஊரில் கேட்டுப் பாருங்கள், தெரியும். இந்தச் சின்ன மானியமும் நான் மேலே சொன்ன அதே ஒன்றியப் பண வழியில்தான் வருகிறது. அந்த வழி அடைபட்டால் பினாயில்கூட வராது.

46,767 கோடியில் ஒரு நூறு கோடியைத் திருப்பி, சின்னப் பள்ளிகளுக்கு மாநிலமே நிபந்தனையில்லாத மானியம் தரலாம். பள்ளி மேலாண்மைக் குழு கையெழுத்தோடு செலவழித்துக் கணக்குக் காட்டினால் போதும்.

தனியார் பள்ளிக்கும் அரசுப் பணம் போகிறதா?

இரண்டு வகையில் போகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது; நிர்வாகம் தனியாருடையது. கிறித்தவ மிஷனரிகளும் ஊர்ச் சங்கங்களும் நூறு ஆண்டுக்கு முன் தொடங்கிய பள்ளிகள் பல இந்த வகை.

இரண்டாவது, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி சிறுபான்மையல்லாத சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு ஈடுகட்டும். அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம் இரண்டில் எது குறைவோ அது. இதிலும் ஒன்றியப் பங்கு சமக்ர சிக்ஷா வழியாகவே வருவதால், 2025-26 சேர்க்கை வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் நடக்காமல் அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பாதிக் கல்வியாண்டு போய்விட்டது.

கல்லூரிக்கு வரும் பணம் போதுமா?

போதாது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், இந்தியா 28.4 சதவீதம் என்றது 2021-22 அகில இந்திய ஆய்வு. பெருமைப்பட வேண்டிய எண். முதல் தலைமுறைப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கல்லூரிப் படி ஏறியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பாடம் நடத்துபவர் யார்?

170-க்கு மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் 7,000-க்கும் அதிகமானோர் வேலை செய்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்ன வரம்பு, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நாம் தருவது அதில் பாதி. இவர்களில் பலர் பிஎச்.டி. முடித்தவர்கள், கல்லூரி ஆசிரியருக்கான நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள், பல ஆண்டுகள் இதே வேலையில் தலை நரைத்தவர்கள். துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவரோ இருவரோ இருக்க, தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ்., சேர்க்கை வேலை எல்லாம் இவர்கள் தோளில். 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளித் தள்ளிப் போனது.

பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் கவலை தருவது. அவற்றுக்கு அரசு தருவது தொகுப்பு மானியம், அதாவது மொத்தமாகத் தரும் ஒரு தொகை. மீதியைத் தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி, இணைப்புக் கட்டணம் என்று தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். தொலைநிலைக் கல்வி வருமானம் சரிந்ததும் ஓய்வூதியச் சுமை தெரியத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமானது செய்தியாக வந்தது. புதிதாகக் கல்லூரி திறப்பதாக ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அறிவிக்கிறார்கள். திறந்து வைத்த கல்லூரிகளின் காலிப் பணியிடங்களை நிரப்புவதற்கு அந்த உற்சாகத்தில் பாதி இருந்தால் போதும்.

பள்ளி முடித்த என் பிள்ளைக்கு நேரடியாக என்ன கிடைக்கும்?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல், அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பணம் வராமல் நிற்பது அநேகமாக அங்கேதான்.

மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு. அப்படிச் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், தொழிற்படிப்புக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு தொடங்கும்வரை காத்திருக்காமல் +2 தேர்வு முடிந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கல்விக்கு 6 சதவீதம் என்கிறார்களே, நாம் எங்கே இருக்கிறோம்?

தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்பது 1966-இல் கோத்தாரி குழு சொன்னது. ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு. தமிழ்நாட்டின் இரண்டு கல்வித் துறைகளின் ஒதுக்கீடு மாநில உற்பத்தி மதிப்பில் ஒன்றரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். மற்ற துறைகளில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்தால் கூடும். எப்படிச் சேர்த்தாலும் இலக்கு தூரத்தில்தான் இருக்கிறது.

ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தார்களா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். நிதித்துறையின் பட்ஜெட் இணையதளத்தில் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. 43-ஆம் எண்ணைத் திறங்கள். பொதுக் கல்விக்கான கணக்குத் தலைப்பு 2202. அதற்குள் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி, 03 பல்கலைக்கழக மற்றும் உயர்கல்வி. ஒவ்வொரு வரிக்கும் நான்கு தொகைகள் இருக்கும்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு, சென்ற ஆண்டு பட்ஜெட், சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீடு, இந்த ஆண்டு பட்ஜெட். தொகைகள் ஆயிரத்தில் இருக்கும், பின்னால் மூன்று சுழியம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம். பட்ஜெட்டில் பெரிதாகப் போட்டுவிட்டு, திருத்திய மதிப்பீட்டில் சத்தமில்லாமல் குறைத்திருந்தால், அந்த ஆண்டு அந்த வேலை நடக்கவில்லை. சம்பள வரிகளில் இப்படிக் குறைந்திருந்தால் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை திறக்கும்போது தலை சுற்றும். ஒரே ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுப் புத்தகங்களில் தொடர்ந்து பாருங்கள், பழகிவிடும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன வந்தது என்று யாரிடம் கேட்பது?

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில். பெற்றோர்தான் அதன் தலைவர். மானியம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும், பார்க்கக் கேட்கலாம். தலைமையாசிரியரைக் குற்றவாளி போல நிறுத்திக் கேட்காதீர்கள், பல நேரம் அவரும் பணம் வராமல்தான் காத்திருப்பார்.

அங்கே தெளிவு கிடைக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். “கல்விக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பள்ளியின் பெயர், 11 இலக்க யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்), நிதியாண்டு, மானியத்தின் பெயர், வங்கியில் வரவு வைத்த தேதி ஆகிய ஐந்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அங்கன்வாடி பற்றிய கேள்வி என்றால் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். அது குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் போக வேண்டும்.